உள்ளறையில் வைத்த மரம்

தொட்டியில் மரம் வளர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் கோட்டை விடுவது தண்ணீரில்தான். பாசம் பொங்கிக் கொட்டித் தீர்ப்பார்கள், இல்லாவிட்டால் அடியோடு மறந்துபோவார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. விரலை மண்ணில் முதல் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் காய ஆரம்பித்த பிறகே ஊற்றினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நான் கவனமில்லாதவன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

என் பெயர் முகாய் யசுஹிரோ. வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, போன மார்ச்சில் ஓய்வு பெற்றேன். ஓமியாவில் போன்சாய்த் தோட்டங்கள் இருக்கிற தெரு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். மே மாதத் திருவிழாவில் அங்கே ஜூனிபர் என்கிற ஊசியிலை மரம் ஒன்று வாங்கினேன். ஒரு சாண் உயரம். அதற்கு முப்பது வயது என்றார் விற்றவர். முப்பது வருஷமாக ஒரே இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

வீட்டில் நானும் என் தங்கை கசுயேயும்தான். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை. அப்பா அம்மா போன பிறகு இருபது வருஷமாக ஸ்டேஷன் பக்கத்து ரொட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, எனக்கும் சமைத்துப் போட்டு வந்தாள். மரத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இவ்ளோண்டு மரத்துக்கு இவ்ளோ பெரிய கத்திரிக்கோலா? பாவம்ண்ணா, பயந்துடப் போகுது."

"பயந்தா நல்லதுதான். அடக்கமா வளரும்."

"நான்கூட அடக்கமாத்தான் வளர்ந்தேன். என்னத்தக் கண்டேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

முதல் மாதமே, வளைக்கிறேன் பேர்வழி என்று செப்புக் கம்பியைச் சுற்றி ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு நிஷிவாகி அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், மரத்தோட மல்லுக்கட்டா?" என்று கேலி செய்தார். அவர் கணவர் முப்பது வருஷம் மரம் வளர்த்து இறந்தவர். கசுயே ஈரத் துணியைக் கிழித்து ஒடிந்த இடத்தில் கட்டினாள். கிளை பிழைத்துக்கொண்டது. அவள் கை அப்படி.

செப்டம்பரில் ஒருநாள் சான்மா மீன் சுட்டிருந்தாள். எனக்கு முள்ளெடுத்து வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ரொட்டிக் கடை வாசலில் மாதம் இரண்டு தடவை ஆப்பிள் விற்க நாகானோவிலிருந்து ஓனுகி என்று ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர், சொந்தத் தோட்டம்.

"வசந்தத்துல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீயும் அப்பப்ப வந்து தங்கலாம்ண்ணா. அங்க மரத்துக்கெல்லாம் ஏணி வெச்சு ஏறணுமாம்."

"அங்க குளிர் ஜாஸ்தி. உனக்கு நெஞ்சுச் சளி."

"கம்பளி போட்டுக்கறேன். நான் என்ன கைக்குழந்தையா?"

நல்லது என்று சொல்லிவிட்டு மீனைச் சாப்பிட்டேன். ஆனால் பயமாக இருந்தது. ஒரே ஒரு கிண்ணம், ஒரே ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி, எதிரில் யாருமில்லாத மேசை. இதை நான் மறைக்கவில்லை.

வேரை ஒரேயடியாக வெட்டினால் மரம் செத்துவிடும் என்று மரத்தோடு வாங்கிய புத்தகத்தில் போட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வெட்ட வேண்டும், பிறகு கொஞ்சம் விட்டுப்பிடிக்க வேண்டும். அக்டோபரில் ரொட்டிக் கடைக்குப் போன் செய்து, தங்கைக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டாள் என்றேன். அவளிடம், கடையில் ஆள் குறைக்கிறார்கள், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடப்பட்டு என்னிடம் சொன்னார்கள் என்றேன். அவமானத்தில் அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நவம்பரில் அவள் போன் தண்ணீர் வாளியில் விழுந்தது. நான்தான் போட்டேன். ஓனுகிக்குக் கடிதம் எழுதினாள். தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவள் ஷூக்களையும் ஒரே நாளில் எடுக்கவில்லை, வாரத்துக்கு ஒரு ஜோடிதான் எடுத்தேன். எங்கே போயிற்று என்று அலமாரியில் தேடிக்கொண்டிருப்பாள். நானும் கூடச் சேர்ந்து தேடுவேன்.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. மரத்தை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வளர்க்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு அது என்று அப்போது தெரியாது. உள்ளறை மாடத்தில் மரத்தை வைத்தேன். ஹீட்டர் போட்டேன். ஜன்னலின் வெளிப் பலகைகளை இழுத்து மூடினேன். கசுயேயின் படுக்கையையும் அங்கேயே விரித்து, கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டை வைத்தேன். பூட்டு என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது பூட்டு இல்லை, கட்டை. சத்தம் போட்ட நாட்களில் எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைச் சூப்பில் கலந்து கொடுத்தேன். பிறகு அமைதியாகிவிடுவாள்.

"அண்ணா, மரத்தையாவது வெளியே வை" என்பாள். "அது வெளியில இருக்க வேண்டியது."

தினமும் இதேதான். முதலில் கத்தினாள், அப்புறம் கெஞ்சினாள், ஜனவரியில் இருமலுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள். நான் மரத்தைப் பார்ப்பேன். பச்சைப் பசேலென்று இருக்கும். இவள் சொல்வதில் நியாயமில்லை என்று கதவைச் சாத்துவேன். காய்ச்சல் அடித்தது, ஆமாம். டாக்டரைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவளைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். கஞ்சி வைத்து, உப்பில் ஊறிய ப்ளம் பழம் போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி கடைசியில் ஓனுகியிடமிருந்து ஒரு பெட்டி ஆப்பிள் வந்தது. வந்ததில் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்காவிட்டால் எங்கள் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வழக்கமாக மேல் வரிசையை எடுத்துக் கொடுப்பேன். அன்று கசுயேக்கு வாசம் போய்விடக் கூடாதே என்று பெட்டியோடு நிஷிவாகி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, வறுத்த சோயாப் பயறு வீசிப் பேயை விரட்டுகிற நாள். வாசலில் நின்று, "பேயே வெளியே போ, நல்லதே உள்ளே வா" என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்து வீசினேன். பிறகு வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று எண்ணி, கசுயேக்கு ஐம்பது பயறைச் சின்னத் தட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்தேன். என் பங்கு அறுபத்திரண்டையும் மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். மறுநாள் காலையில் ஐம்பதும் அப்படியே இருந்தன. சின்ன வயதிலிருந்து அவள் அந்தப் பயறை மிச்சம் வைத்ததே இல்லை. தன்னுடையதை முடித்துவிட்டு என் தட்டிலும் கை வைப்பாள்.

அன்று மத்தியானம் ஹீட்டரை அணைத்தேன். உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தால் ஏன் அணைத்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். ஜூனிபருக்குக் குளிர்காலத்தில் குளிர் வேண்டும் என்கிற பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். புத்தகத்தைப் பாருங்கள், மூலையை மடித்து வைத்திருக்கிறேன். கஞ்சி கொண்டுபோய் வைப்பதை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை.

குரல் மட்டும் நிற்கவில்லை. அரிசி கழுவும்போது கேட்கும். பல் தேய்க்கும்போது கேட்கும். அண்ணா, மரத்தையாவது வெளியே வை. உள்ளே போய்ப் பார்ப்பேன், போர்வை அசைந்திருக்காது. தூங்குகிறாள் என்று திரும்பி வருவேன், கதவைச் சாத்தியதும் மறுபடி கேட்கும். இங்கே உங்கள் அறையில்கூடக் கேட்கிறது. அதனால்தான் நடுவில் பேச்சை நிறுத்தினேன், மன்னிக்க வேண்டும்.

நிஷிவாகி அம்மா ஒற்றை ஆளாகத் தின்று பெட்டியின் அடிவரிசைக்கு வர மூன்று வாரமாயிற்று. வெறும் பெட்டியைத் திருப்பித் தரக்கூடாது என்று முள்ளங்கி ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு கடிதம்.

"அடியில இருந்துச்சு சார். கசுயேக்கு வந்தது. நான் படிக்கல."

"அவ நாகானோ போயிட்டா."

"நாகானோவுலேர்ந்துதானே, ஏன் ஒரு வரி பதில் இல்லன்னு கேட்டு எழுதியிருக்கான் மனுஷன்?"

"படிக்கலன்னு சொன்னீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். "என்ன நாத்தம் இது?"

"மரத்துல காய்ஞ்ச கட்டைக்குப் பூசற கந்தக மருந்து."

"அந்த நாத்தத்தோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவ நான். இது அது இல்ல சார்."

செருப்பைக் கழற்றி, அப்போதும் மறக்காமல் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, நேரே உள்ளே போனார். கட்டையைத் தூக்கினார். படுக்கைப் பக்கம் பார்க்கப் பயந்தோ என்னவோ, முதலில் மரத்தைத்தான் தொட்டார். இலை பொடிந்து அவர் கையில் கொட்டியது.

"இது செத்து ரொம்ப நாளாச்சு சார்" என்றார். கையை உதறினார். "ஜூனிபர் செத்த பின்னாடியும் மாசக்கணக்கா பச்சையாத்தான் நிக்கும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

பிறகுதான் போர்வையைத் தூக்கினார்.

யாரும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். முன்பே யாராவது சொல்லியிருந்தால் டிசம்பரிலேயே எடுத்து வெளியே வைத்திருப்பேன். கசுயே தினமும் சொன்னாளே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னாள். மரத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அந்தத் தப்பை நான் ஒப்புக்கொள்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முப்பது வயது மரம். உள்ளறையில் அடைத்து வைத்து அதைக் கொன்றது நான்தான். கசுயேயை நான் ஒன்றும் செய்யவில்லை, வெளியே போக விடவில்லை, அவ்வளவுதான்.