சபை அழுத ஞாயிறு

“நானும் ஒரு பாவம் செஞ்சிருக்கலாம் அக்கா.”

வித்துராவில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸின் பின்னாலிருந்த கரியடுப்பு சூடேறக் காத்திருந்தபோது, முன்சீட்டிலிருந்த போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

“என்னடி பேச்சு இது?”

“பின்னே? கர்த்தர் பேச்சை மீறி இன்னொருத்தனோட போனவ அந்த ரோஸி. சபையே விலக்கி வச்சிருந்துச்சு. நேத்து சபை முன்னால வந்து பாவத்தை அறிக்கை செஞ்சா, போதகரே அழுதுட்டாரு. ராப்போசனத் திராட்சரசப் பாத்திரத்தை முதல்ல அவ கையிலதான் குடுத்தாரு. அதைச் சனிக்கிழமைதோறும் புளி போட்டு விளக்குறவ நான். எனக்காக ஒருத்தர் கண்ணு கலங்கியிருக்கா?”

“அது கர்த்தரோட இரக்கம்டி.”

“எனக்கு வயிறெரியுது அக்கா.”

“அதுவும் பாவந்தான். வர்ற ஞாயிறு நீயும் முன்னால நின்னு சொல்லு.”

பஸ் உறுமிக் கிளம்பியது. வெகுதூரம் போனபின் அவள் கேட்டாள்:

“இதுக்கு யாராவது அழுவாங்களா அக்கா?”