சித்தி நம்பாத படம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, சித்தியோடு பணியாற்றிய அக்காக்களே, அண்ணன்களே! சித்தியின் நினைவுக் கூட்டத்தில் குடும்பத்தின் சார்பில் பேச வந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே பதிவு செய்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உங்கள் முனைவர், என் சித்தி, எதையும் எளிதில் நம்பாதவர். தேர்வில் முதலாவதாக வந்தேன் என்று ஓடிப்போய்ச் சொன்னபோது, "எத்தன பேரு எழுதினீங்க?" என்று கேட்டவர். இங்கே நீங்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம் மேடம்'. அது கேலியா? இல்லை, அதுதான் அவர் பெற்ற பெரிய பட்டம்!

சில பாக்டீரியாக்கள் செல்லுலோஸ் நூற்கின்றன. பருத்தியில் இருக்கும் அதே பொருள். சர்க்கரை மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து நூலாக வெளியே தள்ளும் புரதக் கூட்டு ஒன்று அவற்றின் சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வடிவம் என்ன? சித்தியின் வாழ்நாள் அந்தக் கேள்விக்கே போனது. உறையவைத்த புரதத்தை நுண்ணோக்கியில் ஆயிரமாயிரம் படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மங்கலாகத்தான் வரும். ஆறு பக்கமும் ஒரே மாதிரி என்று கணினிக்குக் கட்டளையிட்டால், பளிச்சென்று ஆறிதழ்ப் பூ வரும். ஆனால் கட்டளையிட்டால் கணினி எதைத்தான் பூவாக்காது? நூல் நூற்பது ஓரத்தில் ஒட்டிய ஒரே ஒரு துண்டு என்றார் சித்தி. பூவாக்கினால் அந்த ஒன்றை ஆறாகப் பங்குபோட்டுக் கரைத்துவிடுவோம். உழைக்கிறவளையே படத்திலிருந்து அழித்துவிட்டீர்களே என்று தலைவரிடம் சண்டை போட்டதை வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

இன்று உள்ளே வந்ததும், திறந்துவைக்கக் காத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். துணி கொஞ்சம் விலகியிருந்தது. அதே பூ! அடியில் சித்தியின் பெயர். தலைவரிடம் கேட்டேன். கடைசியில் சித்தி ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். எப்போது? மருத்துவமனையில். தொண்டையில் குழாய் இருந்ததே என்றேன்.

"தலையாட்டினாங்கம்மா," என்றார்.

பெரியோர்களே, அந்த நாட்களில் பக்கத்தில் இருந்தவள் நான். ஊசி போடலாமா என்றாலும் தலையாட்டினார். வேண்டாமா என்றாலும் தலையாட்டினார். அதை நம்பி ஒரு படத்துக்குக் கீழே அவர் பெயரைப் போடலாமா? தலைவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சந்தேகம், அவ்வளவுதான். அது சித்தி விட்டுச்சென்ற சொத்து.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். எந்தப் பணியை? சித்தி கடைசியாக அடுக்கிய, கட்டளை இல்லாத படம் அவருடைய மாணவி அக்காவின் கணினியில் இருக்கிறது. மங்கல்தான். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறது. அதுவும் தவறாக இருக்கலாம். நானும் படித்து இங்கே வருவேன்; அதையும் நம்பாமல் சோதிப்பேன். ஆனால் இன்று அவர் பெயர் அந்த மங்கல் படத்தின் கீழேதான் இருக்க வேண்டும்.

அக்கா, அதைத் திரையில் போடுங்களேன்.

தலைவர் எழுந்திருக்கிறார். கதவுப் பக்கம் நடக்கிறார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறாரோ?

இல்லை. திரை தெளிவாகத் தெரிய விளக்குகளை அணைத்துவிட்டார்.