ஏழாவது பாட்டு

இராஜபாளையத்தில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் சலிப்போடு சொன்னாள்: “அஞ்சாவது பாட்டோட செத்துப் போயிருக்கலாம்.” அந்த வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்; பதறி முன்னால் சாய்ந்தேன். அவள் சொன்னது ஒரு ராக் ஆல்பத்தை என்பது பக்கத்தில் இருந்த தோழி பேசிய பிறகுதான் புரிந்தது.

“ஏட்டி, ஏழாவது பாட்டுதான் அதுக்கு உயிரே. நாளைக்குக் காலேஜ் மேடையில நீ பாடப்போறதும் அதுதான்.”

“பாட மாட்டேன். தகரத்தைத் தட்டுன மாதிரி இருக்கு.”

“எங்க வச்சுக் கேட்ட?”

“தினமும் இந்த பஸ்லதான்.”

“அஞ்சு பாட்டு முடியவும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துரும், கூட்டம் ஏறிரும். பொறவு நீ கேக்கது கண்டக்டர் விசிலும் ஜன்னல் கண்ணாடி ஆடுற சத்தமும். அதுக்கு ட்ரம்ஸ் அடிக்கவனை வையுத.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். தோழி ஏழாவது பாட்டைப் போட்டு, இயர்போனை அவள் காதில் செருகினாள். நான் இறங்குவதற்காக எழுந்தபோது, பால்கோவா விற்பவர் அவர்கள் ஜன்னலுக்கு வந்து கூவத் தொடங்கினார்.

“அண்ணே,” என்றாள் பாட மாட்டேன் என்றவள், மூடிய கண்ணைத் திறக்காமல். “செத்த நேரம் சும்மா இருங்க.”