பத்து மணிக்கு மேல்

இரவு பதினொன்றே முக்கால். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் ஒற்றை வண்டி போகிற அகலத்தில் ரோடு. முன்னாலும் விளக்கு இல்லை. பின்னாலும் இல்லை...

ஊர் நியூசிலாந்து. வண்டியில் இருந்தவர்கள் நம் இரும்புலியூர் ஜெஃப்ரியும் அவன் மனைவி டெபோராவும். என்னோடு ஆபீசில் வேலை பார்க்கிற கெசியாவின் சொந்த அண்ணன்தான் இந்த ஜெஃப்ரி. கரன்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். யாரும் செல்போன் லைட்டைப் போடாதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

போன வருஷம் மே மாதம். இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர் தொடங்கிவிடுமாம். இவர்கள் வாடகைக்கு எடுத்தது கேம்பர் வேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். வேன் கொடுத்தவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஊர்ப் பழக்கங்களைச் சொன்னான். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரம் கட்டி வழிவிட வேண்டும். எதிரே இன்னொரு வேன் வந்தால் கை தூக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புல்லில் ஊற்றக் கூடாது. இருட்டுவதற்குள் வேன்கள் தங்குகிற முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும், அடுத்த வேனுக்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். பத்து மணிக்கு மேல் சத்தமே கூடாது.

ஜெஃப்ரி ஜிஎஸ்டி ரோட்டில் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டிப் பழகினவன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அன்றைக்கு வழி தப்பிவிட்டது. முகாமுக்குள் நுழைந்தபோது எல்லா வேன்களிலும் திரை இழுத்து மூடியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரே ஓர் இடம்தான் தெரிந்தது. ஒரு பழைய வெள்ளை வேனை ஒட்டினாற்போல். அங்கே கொண்டுபோய்ச் சொருகினான். டெபோரா திட்டிக்கொண்டே இறங்கினாள். ஜெஃப்ரி சாமான் எடுத்துவிட்டுப் பக்கக் கதவை இழுத்தான். கர்ர்ர்... டமால்.

ஏரியின் அக்கரையில் எதிரொலித்தது.

அப்புறம் ஒரு வாசனை. நீலகிரித் தைலம்... நெஞ்சில் அழுத்தித் தேய்த்தால் வருமே, அந்தக் காட்டம்.

வெள்ளை வேனின் ஓரத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நைட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், காதை மூடி ஒரு மஃப்ளர்.

"தம்பி, கதவை மெதுவா சாத்துங்க. அவர் இப்பதான் கண் அசந்தார்."

கோபமே இல்லாத குரல். கெஞ்சுகிற குரல்.

"சாரிம்மா" என்றான் ஜெஃப்ரி. அந்த அம்மா தலையாட்டிவிட்டு வேனுக்கு அந்தப் பக்கம் போனார். நடக்கிற சத்தம் கேட்கவில்லை. புல்தானே என்று இவனும் நினைத்துக்கொண்டான்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு டெபோரா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஜெஃப்... அவங்க தமிழ்ல பேசினாங்க."

"நீ என்னைத் திட்டினது காதுல விழுந்திருக்கும். படு."

"காலையில காபி போட்டு எடுத்துட்டுப் போய் மன்னிப்பு கேக்கணும்."

காலையில் காபி போட்டாள். இரண்டு கப்பையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்... வெள்ளை வேன் இல்லை.

விடியற்காலையில் கிளம்பிவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இராத்திரி முழுக்கப் பனி கொட்டிப் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. வேன் நின்ற இடத்தில் மட்டும் பனி விழாது, புல் பச்சையாகவே இருக்கும். இவர்கள் வேனுக்கு அடியில் பச்சை. பக்கத்தில்... ஒரே வெள்ளை. டயர் தடம்கூட இல்லை.

முகாமைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் போய்க் கேட்டார்கள். அவள் முதலில் நீங்கள் எந்த ஊர் என்று கேட்டாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு கிறிஸ்துமஸ் கார்டுகளை எடுத்து வைத்தாள். பின்பக்கம் அனுப்பியவர் பெயர், விலாசம். ஞானையா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், படப்பை.

படப்பை! முடிச்சூர் ரோட்டில் போனால் ஜெஃப்ரி வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

அவள் சொன்னது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மே மாதத்தில், அந்த இடத்தில்தான் ஞானையாவும் அவர் மனைவி புஷ்பமும் வெள்ளை வேனில் தங்கினார்கள். ரிடையர் ஆனதற்கு மகன் அனுப்பிவைத்த பயணம். அவ்வளவு ஒழுங்கான விருந்தாளிகளை அவள் பார்த்ததே இல்லையாம். விதிகளையெல்லாம் ஞானையா தன் கைப்பட எழுதி வேன் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். அன்று இராத்திரி புஷ்பத்துக்கு மாரடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காலையில் ஞானையா சொன்னார்.

"எட்டடி தள்ளி அடுத்த வேனில் ஒரு நர்ஸ் இருந்தாள்" என்றாள் அந்தப் பெண்மணி. "ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பாள்."

ஊருக்குத் திரும்பிய பிறகு டெபோராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞானையாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். ஜெஃப்ரி மறுத்தான்.

"போய் இன்னான்னு சொல்றது? உங்க ஒய்ஃப் வந்து எங்ககிட்ட பேசினாங்கன்னா? பெரியவர் தாங்குவாரா?"

"அவர் தூக்கம் கெடக் கூடாதுன்னுதானே அந்தக் குளிர்ல நிக்கிறாங்க? அது அவருக்குத் தெரிய வேணாமா?"

நாலு மாதம் இதே பேச்சு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நேராகப் படப்பைக்குப் போனார்கள்.

சின்ன வீடு. வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில். ஞானையா சார் தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது. அவர் இராத்திரியில் தூங்குவதே இல்லை, விடிய விடியக் கூடத்தில் நடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிலேயே சொல்லியிருந்தார்.

 டெபோராதான் சொன்னாள். ஏரி, வெள்ளை வேன், நைட்டி, ஸ்வெட்டர், தைல வாசனை... எதையும் விடவில்லை.

"நீங்க நல்லா தூங்கணும்னுதான் சார் அவங்களுக்குக் கவலை. உங்க மேல அவங்களுக்கு வருத்தமே இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

அவர் நம்ப மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. 

"என்ன சொன்னான்னு இன்னொரு தடவை சொல்லும்மா. அவ சொன்ன மாதிரியே."

"அவர் இப்பதான் கண் அசந்தார்..."

பெரியவரின் தோள் குலுங்கியது. சத்தம் வெளியே வரவில்லை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டே அழுதார். டெபோரா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் தூங்கலம்மா."

டீ கப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு மணி பத்தரை. ஏங்க, நெஞ்சுல என்னமோ பண்ணுதுங்கன்னு கூப்பிட்டா. ரெண்டு தடவை கூப்பிட்டா. சுத்தி எல்லாரும் படுத்துட்டாங்க... வாயுவாத்தான் இருக்கும், தைலம் தேய்ச்சா சரியாயிடும்னு நினைச்சேன். கண்ணைக்கூடத் திறக்காம, விரலை வாயில வெச்சு, ஷ்...ன்னேன்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் அவ கூப்பிடவே இல்ல."