நூற்றெண்பது ரூபாய்ச் சீட்டு

பெயர் ஜெயபுஷ்பம், வயது 53, கணவர் காலஞ்சென்ற தேவசகாயம், விலாசம் வேலூர் தோட்டப்பாளையம். 22.08.2008 வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, யாரும் கூப்பிடாமல் தானாகவே நிலையத்துக்கு வந்து சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசிக்கிறேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் நடத்தும் பழைய சாமான் கடையில் 1993 முதல் வேலை செய்கிறேன். ஊர் திரும்பும் வெளிநாட்டு டாக்டர்களும் மாற்றலாகிப் போகும் குடும்பங்களும் இனாமாகத் தரும் சாமான்களை விற்று, வரும் பணத்தில் ஏழைப் பெண்களுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டுவார்கள். விலை போடுவது என் வேலை. புதிது என்ன விலையோ அதில் கால் பங்கு, சாயம் போயிருந்தால் அதிலும் பாதி. சீட்டில் எழுதி ஊக்கு குத்திவிட்டால் பேரம் கிடையாது, யாரும் மாற்றவும் கூடாது. சீட்டு சீட்டுதான் என்பது கடையின் வழக்கம். பதினைந்து வருடமாக என் சீட்டை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அதிலும் தோல் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருடம் வேலை பார்த்தவர். நகத்தால் லேசாகக் கீறி, மோந்து பார்த்தே இன்ன தோல் என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருடம் ஜனவரியில் எப்சி என்கிற பெண், வயது 26, கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்கு யாரோ தந்த கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அவளிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் இன்டர்நெட்டில் என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டியே விலையை அச்சடித்துக் குத்த ஆரம்பித்தாள். "நெட்ல இது நாலாயிரம் போவுது ஆன்ட்டி, நாம எதுக்கு முந்நூறுக்குத் தரணும்" என்பாள். அது விற்ற விலையா, விற்கிறவன் கேட்கிற விலையா என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

அமிர்தவள்ளி என்பவர் ஆஸ்பத்திரி வார்டில் கூட்டிப் பெருக்குகிறவர், சம்பள நாளில் தவறாமல் வருவார். மகள் படிக்க ஒரு மேஜை விளக்கை எடுத்தவர் சீட்டைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். இதை நான் கடைக் கமிட்டியில் சொல்லிச் சண்டை போட்டேன். உள்ளதைச் சொன்னால் அமிர்தவள்ளிக்காக என் வயிறு எரியவில்லை. கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய் "எப்சி இல்லியா" என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போட்ட விலைக்கும் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், வசூல் இரண்டு பங்கானது. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஜூலை மாதம் ஊர் திரும்பிய ஒரு டாக்டரம்மா, பிடிக்குக் கீழே மைக்கறை பட்ட பழுப்பு நிறத் தோல் பை ஒன்றைத் தந்தார். நான் கீறிப் பார்த்து, மோந்து பார்த்து, இருநூற்றைம்பது என்று எழுதிக் குத்தினேன். அதன் பிறகு எப்சி பையின் பூட்டில் இருந்த கம்பெனிப் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, இது பதினெட்டாயிரம் போகும் என்றாள். கமிட்டி செக்ரட்டரி சத்தியநாதன் சார் நாலு பேர் எதிரில், "நல்லவேளை எப்சி இருந்தா. இவங்க கைல வுட்டிருந்தா காய்கறிப் பையாட்டம் தூக்கிக் குடுத்திருப்பாங்க" என்றார். என் சீட்டை அவரே ஊக்கோடு பிடுங்கினார். வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் தாங்கியிருப்பேன். தோலில் போய் அவள் என்னை ஜெயித்தாள்.

06.08.2008 புதன்கிழமை காலை எப்சி பாங்கிக்குப் போயிருந்தாள். நான் ஒரு பிளாஸ்க்கில் அவள் குத்தியிருந்த நூற்றெண்பது ரூபாய்ச் சீட்டைக் கழற்றிப் பையில் குத்தினேன். பையில் இருந்த பதினெட்டாயிரம் ரூபாய்ச் சீட்டை என் பர்ஸில் வைத்துக்கொண்டேன், அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். இரண்டு சைபரை விட்டுவிட்டாள் என்று கமிட்டியில் அவள் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். பை விற்றுப்போகும் என்று நினைக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஆம்பூர் தோல் புரோக்கர் முனீர் அகமது வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "சீட்டு சீட்டுதானே அக்கா?" என்று கேட்டார். சீட்டு மாறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் போட்ட பதினெட்டாயிரம்தான் சரி என்று என் வாயாலேயே சொன்னதாக ஆகும். அதற்கு எனக்கு நாக்கு வரவில்லை. நூற்றெண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது போட்டேன். அதன் பிறகு எப்சி வந்து அலமாரியைப் பார்த்தாள், ரசீதோடு இருந்த சீட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சீட்டில்லாமல் இருந்த பிளாஸ்க்குக்கு வேறு சீட்டு அச்சடித்துக் குத்தினாள்.

18ஆம் தேதி சத்தியநாதன் சார் அதே பை இன்டர்நெட்டில் இருபத்தாறாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்தார். பிடிக்குக் கீழே இருந்த மைக்கறையும் படத்தில் தெரிந்தது, விற்பவர் ஊர் ஆம்பூர் என்று இருந்தது. ரசீதோடு இருந்தது எப்சி அச்சடித்த சீட்டு என்பதால், எப்சியும் முனீர் அகமதுவும் கூட்டு என்று அவர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். நேற்று எப்சியை இங்கே அழைத்து விசாரித்ததில், "நான்தான் ரெண்டு சைபர் வுட்டுட்டேன், வேற யார் மேலயும் தப்பு இல்ல" என்று எழுதிக் கொடுத்தாள். கமிட்டி அவளை வேலையை விட்டு நிறுத்தியது.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். "எனக்குத் தெரியும் ஆன்ட்டி. எனக்கு எங்கயாவது வேலை கெடைக்கும். இந்தக் கடைய வுட்டா உங்களுக்கு இன்னா இருக்கு" என்றாள். அவள் அம்மா காபி கொடுத்தார். அங்கே ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, உட்கார்ந்திருந்தார். தப்பைத் தானே ஒத்துக்கொண்ட பிள்ளை, இப்படி ஒரு பிள்ளையை நம் சபையில் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எப்சிக்கும் முனீர் அகமதுவுக்கும் எந்தக் கூட்டும் இல்லை. சீட்டை மாற்றியது நான். நான் மனம் திருந்தி வந்ததாக ஏட்டு எழுதியிருந்தார், அதை அடிக்கச் சொன்னேன். விலை போடத் தெரிந்தவள் என்ற பெயரை அவள் எடுத்துக்கொண்டாள். எனக்காகப் பழி சுமந்தவள் என்ற பெயரும் அவளுக்கே போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அதற்காகத்தான் வந்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அடித்த வரி போக மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) தே. ஜெயபுஷ்பம்