ஒரே சொல், ஒரே மூச்சு

– கோவிச்சுக்காத ஐலிஃப். பாட்டு ஃபைலைத் திருப்பிக் குடுக்கிறேன், அவ்வளவுதான். புதுசா வர்றவங்க யாருக்காவது உதவும்.

– ராக்னாக்கா, முதல்ல உக்காருங்க. எனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்தே இந்தக் குழுவுல பாடுறவங்க நீங்க. எல்லாரும் காபி குடிக்கப் போன நேரமாப் பாத்து வந்து, விலகுறேன்னு சொன்னா நான் என்ன பண்றது?

– சரின்னு சொல்லு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

– சங்க்தான்ஸ் திருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? இதோ வந்தாச்சு. கரையில தீ மூட்டி ஊரே சுத்தி நிக்கும், நாம பாடணும்.

– அதுக்காகத்தான் இப்பவே சொல்றேன். ஊரே நிக்கும்போது நான் பாதிச் சொல்லுல வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா?

– எந்தச் சொல்லு?

– தெரியாத மாதிரிக் கேக்காத. நம்ம பாதிரியார் எழுதினாரே, அந்த மகா சொல்லு. ஹாவ்சொமர்நத்ஸ்க்ளேதெ.

– கடல்மேல கோடை ராத்திரி தர்ற சந்தோஷம். அழகான சொல்லுதானே அக்கா.

– அழகுதான், யாரு இல்லைன்னா? நார்வேக்காரன் கையில பசை கிடைச்சா சும்மா இருப்பானா? கடலை எடுத்துக் கோடையில ஒட்டினார், கோடையை ராத்திரியில ஒட்டினார், கடைசியில சந்தோஷத்தையும் கொண்டுவந்து ஒட்டிட்டார். வாயால சொன்னா கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுடும். நீ போட்ட மெட்டுதான் வினை. ஹாஆவ்னு ஒரு இழுப்பு, சொம்முக்கு ஒரு இழுப்பு, மெர்ருக்கு ஒரு இழுப்பு. நத்ஸுக்கு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு தீந்துபோகுது. க்ளேதென்னு சந்தோஷம் வர்ற இடத்துல, படகுல இழுத்துப் போட்ட மீன் மாதிரி நிக்கிறேன்.

– டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

– காட்டினேன். குழாயைக் குடுத்து ஊதச் சொன்னார், ஊதினேன். உங்க வயசுக்கு நல்லாத்தான் இருக்குன்னார். வயசுக்கு! அந்த ஒரு வார்த்தை போதாதா ஒரு மனுஷியைப் படுக்கப்போட?

– அப்போ ஒண்ணு பண்ணுங்க. நடுவுல ஒரு மூச்சு எடுத்துக்கங்க.

– எந்த நடுவுல?

– நத்ஸுக்கும் க்ளேதெக்கும் நடுவுல. பாதிரியார் ஒட்டின இடம் அதுதானே. ஒட்டின இடத்துல நின்னா சொல்லுக்கு வலிக்காது.

– ஒரே சொல்லுக்கு நடுவுலயா! நீ பெர்கன் பட்டணத்துலேர்ந்து வந்த பையன், உனக்குத் தெரியாது. உனக்கு முன்னாடி இருந்த பாட்டு மாஸ்டர் ஹல்கிரிம் காலத்துல ஒரே சொல்லுன்னா ஒரே மூச்சு. நடுவுல மூச்சு விட்டவங்களை ஒத்திகை முடிஞ்சதும் தனியா நிக்க வெச்சு நாற்காலி அடுக்கச் சொல்லுவார். நாங்க எல்லாரும் மூஞ்சி சிவந்து, கண்ணு பிதுங்கித்தான் பாடிப் பழகினோம்.

– ஹல்கிரிம் இப்போ இல்லையே அக்கா.

– தூருன் இருக்காளே! என் பக்கத்துல நிக்கிறது யாருன்னு மறந்துட்டியா? வாழ்க்கை பூரா பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நார்வேஜியன் சொல்லிக்குடுத்தவ. துறைமுகத்துக் கடைக்காரன் போர்டுல ஒரே சொல்லை ரெண்டாப் பிரிச்சு எழுதிட்டான்னு ஏணியும் பெயிண்ட்டும் தூக்கிக்கிட்டுப் போனாளே! அவ காதுக்குப் பக்கத்துல நான் சொல்லைப் பிளந்தா, என்னைக் கார்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போவாளா? மழையில நடந்துதான் போகணும்.

– போர்டுல பிரிச்சா இடைவெளி கண்ணுக்குத் தெரியும். இது பாட்டு. நீங்க மூச்சு எடுக்கிற நேரம் பக்கத்துல இருக்கிறவங்க விடாமப் பாடினாப் போதும், கேக்கிறவங்களுக்குச் சொல்லு முழுசாவே இருக்கும். பெர்கன்ல எங்க குழுவுல ஒரு சொல்லுக்குள்ளயே ஆளுக்கொரு இடத்துல மூச்சு எடுப்போம். ஒருத்தன் கண்டுபிடிச்சதில்ல.

– அந்த ஸ்ஸு யாரோடது?

– எந்த ஸ்ஸு?

– ராத்திரிக்கும் சந்தோஷத்துக்கும் நடுவுல ஒண்ணு உக்காந்திருக்கே. அதை இந்தப் பக்கம் பாடணுமா, மூச்சு எடுத்துட்டு அந்தப் பக்கம் பாடணுமா?

– இந்தப் பக்கம்தான். அது ராத்திரியோட சேர்ந்தது. நத்ஸ்னு முடிச்சுட்டு அப்புறம்தான் மூச்சு. அந்தப் பக்கம் தள்ளிவிட்டீங்கன்னா ஸ்ஸ்க்ளேதென்னு பாம்பு சீறும், தீ பாக்க வந்த குழந்தைங்க ஓடிடும்.

– சிரிக்க வைக்காதடா, இருக்கிற மூச்சும் போயிடும்.

– பாடிப் பாருங்களேன். சுருதி தர்றேன்.

– இப்பவா? சரி, குடு. ஹாவ்... சொம்... மெர்... நத்ஸ்... க்ளே... தெ.

– அக்கா! எங்கயுமே மூச்சு எடுக்கலையே நீங்க!

– இங்க வருதுப்பா. வீட்டுல பாத்திரம் கழுவும்போதும் வருது. வரிசையில நின்னாத்தான் வர மாட்டேங்குது.

– அது எப்படி?

– சொல்லத் தெரியல. முதல் பாதியில நம்ம கீழ்க்குரல் வரிசையே ஓட்டை விழுந்த மாதிரி கேக்குது. அதை அடைக்கணுமேன்னு பலம் பூராவும் போட்டு அழுத்துறேன். ரெண்டாம் பாதி வந்ததும் தூருன் கப்பல் சங்கு மாதிரி ஊதுறா, என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. நானும் அவளும் ஒரே வகுப்புல படிச்சவங்க, ஒரே வயசு. அவளுக்கு மட்டும் எங்கேருந்துதான் வருதோ!

– பின்னாடி ஆம்பளைங்க போடுற சத்தத்துல எனக்கு உங்க வரிசை சரியாவே கேக்கிறதில்ல. தூருனக்காகிட்டயே கேட்டுடுவோமா?

– ஐயோ வேண்டாம்! அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? யாருக்கும் தெரியாமப் போயிடலாம்னுதானே உன்கிட்ட வந்தேன்.

– இந்தத் தீவுக்காரங்களுக்கு இதே வியாதி. கடல்ல விழுந்தாக்கூட, பக்கத்துப் படகுக்காரன் தூங்குறானேன்னு சத்தம் போட மாட்டீங்க.

– ஐலிஃப், ஒண்ணு சொல்றேன் கேளு. என் வீட்டுக்காரர் ஆர்விட் போனதுக்கப்புறம் வீட்டுல என்கூடப் பேசுறது ரேடியோ மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ஒத்திகை இருக்குன்னுதான் மத்த நாளெல்லாம் எந்திரிச்சுத் தலை சீவுறேன். போகணும்னு எனக்கென்ன ஆசையா? அழுகையா வருது. ஆனா யாருக்கும் பாரமா நிக்கக் கூடாது.

– யாரு யாருக்குடி பாரம்? ரெண்டு பேரும் இங்க என்ன ரகசியம்? வாஃபிள் ஆறிப்போச்சு. பழுப்புச் சீஸைப் பின்வரிசை டெனர் ஆம்பளைங்க வழிச்சு முடிச்சுட்டானுங்க.

– ஒண்ணுமில்ல தூருன். நீ போ, வர்றோம்.

– ஒண்ணுமில்லைன்னா உன் ஃபைல் ஏன் பியானோ மேல கிடக்கு?

– அது வந்து...

– தூருனக்கா, ராக்னாக்கா குழுவை விட்டுப் போறாங்களாம். அந்தப் பெரிய சொல்லுல மூச்சு பத்தலையாம். நடுவுல எடுத்துக்கங்கன்னு சொன்னேன், நீங்க சும்மா விட மாட்டீங்களாம்.

– நானா?

– ஏணி தூக்கிக்கிட்டுப் போனவதானேடி நீ!

– அது போர்டு. இன்னொரு தடவை எழுதினாலும் இன்னொரு தடவை போவேன். பேச்சை மாத்தாத. என்னைக் கேக்காம நீ எப்படிப் போகலாம்?

– உன்கிட்ட என்னன்னு கேக்கிறது? நான் மூச்சு எடுக்கிற அந்தத் துளி நேரம் நீ எனக்கும் சேர்த்துத் தாங்குவியான்னா? விடு, கேக்கவே வெக்கமா இருக்கு.

– கேட்டுட்டியேடி.

– அதான் கேட்டுட்டேனே! பதில் சொல்லு.

– ஐலிஃப், அந்தக் கதவைச் சாத்து. டெனர்காரனுங்களுக்குக் காது நீளம்.

– சாத்திட்டேன் அக்கா.

– ராக்னா, சொல்றேன், கத்தக் கூடாது. எனக்கும் அந்தச் சொல்லு ஒரே மூச்சுல வரல. நடுவுல மூச்சு எடுக்கவும் மனசு ஒப்பல, அந்தப் பாழாப்போன வாத்தியார் புத்தி. உன்கிட்டச் சொல்லவும் மானம் போற மாதிரி இருந்துச்சு. அதனால...

– அதனால?

– முதல் பாதியை நான் பாடவே இல்லடி. ஈஸ்டர்லேர்ந்து வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்கிறேன், நத்ஸ்லதான் வந்து சேர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து நீ ஒருத்திதான் பாடிக்கிட்டு இருந்த.