ஆறு மணி நேரச் சீற்றத்தைக் கண்ட எங்கள் அக்காவுக்கு

காமாக் கதிர்க் கண்காணிப்பறையின் கண்ணே! பிசகறியாப் பேரறிவே! முப்பத்தோராண்டு எங்கள் முன்னோடியாய் நின்று இன்று பணிநிறைவு பெறும் அக்கா! வணங்குகிறோம்.

விண்ணில் சுழலும் தொலைநோக்கி விடாது அனுப்பிய எண்களை, சன்னலில்லாத இந்த அறையில், சாயம்போன நாற்காலியில் அமர்ந்து, சலிப்பறியாது சலித்தெடுத்தவர் தாங்கள். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே கிடக்கும் பெருங்கருந்துளைகள் எப்போதாவது சீறிக் காமாக் கதிர்களைப் பீய்ச்சும். அதை முதலில் கண்டு சொல்வதே நம் வேலை. நாங்களெல்லாம் அடிக்கடி சீறுபவற்றைத் தேடி ஓடினோம். தாங்களோ அசைவே இல்லாத ஒன்றைப் பதினேழாண்டு பார்த்திருந்தீர்கள். "என்னக்கா, உங்க தூங்குமூஞ்சி எழுந்துச்சா?" என்று கேலி பேசுவோம். தாங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

ஒன்பதாண்டுக்கு முன், ஒரு நண்பகலில், அது எழுந்தது!

எழுநூறு கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி! மற்றத் தொலைநோக்கிகளையும் உடனே அப்பக்கம் திருப்பக் கோரி விண்ணப்பம் எழுதினீர்கள். அன்று பணியிலிருந்த எங்கள் மூவரின் ஒப்புதல் அதற்கு வேண்டியிருந்தது.

"சூரியன் பக்கத்துல இருக்குக்கா. அதோட கதிர் கலந்திருக்கும். அவசரப்பட்டு அனுப்பி அசிங்கப்படணுமா?" என்றோம்.

"அதைக் கழிச்சுட்டுத்தான்பா பாத்தேன். ரெண்டு தடவை பாத்துட்டேன். கொஞ்சம் நம்புங்க."

மறுநாள் காலையில் கூடிப் பேசலாமென்று சொல்லிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

ஆறே மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது. மறுநாள் நாங்கள் ஒப்பியபின் அப்பக்கம் திரும்பிய தொலைநோக்கிகளுக்கு இருட்டுதான் கிடைத்தது. ஒற்றைக் கருவி மட்டும் கண்டதை ஒருவரும் ஏற்கவில்லை. தங்கள் கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது. ஒரு சொல் கடிந்ததுண்டா எங்களை? கடிந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். மறுநாளும் நேரத்துக்கு வந்து அமர்ந்தீர்கள். அந்த மண்டலம் பிறகு அசையவேயில்லை.

சென்ற மாதம் பழைய பதிவுகளைப் புதிய முறையில் அலசினோம். சூரியனின் கலப்பு துளியும் இல்லை. தாள்களோடு ஓடிவந்து காட்டினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரிப்பா. இப்ப எந்தத் தொலைநோக்கியத் திருப்பப் போறீங்க?" என்றீர்கள்.

போன ஒளி போனதுதான். நம் தொலைநோக்கியும் தள்ளாடுகிறது. மாற்றுக்கு அனுமதி இல்லை. தங்கள் இடத்துக்கு ஆளும் இல்லை.

அருந்தவ அக்கா! பாராட்ட வந்த நாங்கள் தலைகுனிந்து நிற்கிறோம். நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! 'மனநிறைவோடு' என்றும் சேர்த்தெழுதத்தான் முனைந்தோம். அதற்கு எங்களுக்கு வாயில்லை.

என்றும் தங்கள்,
கண்காணிப்பறைப் பணியாளர்கள்